ஓட்டிப் பாத்துக்குங்க

இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு குதிரை இருக்கிறது. 1872இல் வந்த சட்டம், இன்றும் நடப்பில் இருப்பது. மோசடி என்றால் என்ன என்று சொல்லும் அதன் 17ஆம் பிரிவு, வெறுமனே மௌனமாக இருப்பது பொதுவாக மோசடி ஆகாது என்கிறது. அதைப் புரியவைக்கத்தான் குதிரை. ஒருவர் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறார். குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று அவருக்குத் தெரியும். வாங்குகிறவரிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. இது மோசடி அல்ல.

அதோடு விடவில்லை சட்டம். அதே குதிரையை வைத்து இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள் வருகின்றன. வாங்குகிறவர் விற்பவரின் மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள் என்றால், உறவின் காரணமாகவே அவளிடம் உண்மையைச் சொல்வது கடமை. அடுத்தது, வாங்குகிறவர், “நீங்க இல்லைன்னு சொல்லலைன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்குவேன்” என்கிறார், விற்பவர் வாயைத் திறக்கவில்லை என்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

கடந்த இரண்டு மாதமாக இந்தக் குதிரையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம், எங்கள் வீட்டு கார். 2016இல் வாங்கிய பெட்ரோல் செடான். அப்பா, அம்மா, நாங்கள் இரண்டு பேர், குழந்தை, பின்னால் டிக்கி நிறைய சாமான் என்று திருத்தணிக்கும் திண்டிவனத்துக்கும் போய்வந்த வண்டி. இப்போது விற்கப் போகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூரில் எங்கள் தெருவில் அது சீட் உயரத்துக்குத் தண்ணீரில் நின்றது. தொழிற்பேட்டையே மூழ்கிக் கிடந்த நாட்கள் அவை.

தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யக்கூடாது. இன்ஜினுக்குள் காற்று போகும் வழியில் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாங்கள் சாவியைத் தொடவில்லை, டோ செய்துதான் கொண்டுபோனோம். அதனால் இன்ஜின் தப்பியது. ரிப்பேர் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’ என்று முடித்துவிடுவார்கள். எங்களுடையது அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நின்றது. கார்பெட், ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், முன் வீல் பேரிங், ஒரு கன்ட்ரோல் யூனிட் எல்லாம் மாற்றினார்கள். மெயின் வயரிங்கை மாற்றவில்லை. கனெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டினார்கள்.

அதற்குப் பிறகு வண்டி நன்றாகவே ஓடுகிறது. ஒன்றைத் தவிர. எட்டு மாதம் கழித்து ஒருநாள் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் தானே அணைந்தது. பிறகு இன்னொரு முறை. ஒர்க் ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, கோடை அழித்து, “இனிமே வராது சார்” என்றார்கள். வரவும் இல்லை. சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டரில் பச்சை பூத்திருக்கலாம், அல்லது ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஏர்பேக் சரியாக இருக்கிறதா என்பதை யாரும் வெடிக்கவைத்துப் பார்ப்பதில்லை.

வாங்க வருகிறவரிடம் இதைச் சொல்ல வேண்டுமா?

வீட்டில் மாமா தெளிவாக இருந்தார். “கேட்டா சொல்லு. கேக்கலைன்னா நீயா எதுக்குடா வாயைத் திறக்கறே? பொய் சொல்லச் சொல்லலையே நான்.” அம்மா அடுப்படியிலிருந்து, “நம்ம சரசு பொண்ணுக்கு இந்த வண்டியைக் குடுத்தா சொல்லாம இருப்பியா?” என்றார். “அது வேற, இது வேற” என்றார் மாமா. சட்டம் குதிரையை வைத்துச் சொல்வதையே இருவரும் அவரவர் பாஷையில் சொன்னார்கள்.

இது பழைய சண்டை. பொது ஆண்டுக்கு முன் 44இல் சிசரோ, ஏதென்சில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்குக் கடமைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் ஸ்டோயிக் தத்துவவாதிகளான ஒரு குருவும் சீடனும் மோதுவதைக் காட்டுகிறார். ஒருவர் தன் வீட்டை விற்கிறார். பார்க்க நல்ல வீடு. ஆனால் மரமெல்லாம் உளுத்தது, அறைகளில் பூச்சிபொட்டு வரும், அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சொல்லாமல் விற்கலாமா? விற்கலாம் என்கிறார் குரு, பாபிலோனின் டயோஜெனிஸ். சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. வாங்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்பது அவர் கட்சி. விற்கக்கூடாது என்கிறார் சீடன் ஆன்டிபேட்டர். வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் இருப்பதே தப்பு என்றால், ஒருவன் தெரியாமல் வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிட மோசம் இல்லையா? சிசரோ சீடன் பக்கம் சாய்கிறார். எல்லா மௌனமும் மறைப்பு இல்லை என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் தெரிந்துகொண்டால் எதிராளிக்குப் பயன்படும் ஒன்றை, என் லாபத்துக்காக அவருக்குத் தெரியாமல் வைத்திருந்தால், அது மறைப்புதான்.

மாமாவின் வாதத்தை இதோடு தள்ளிவிட முடியாது. அவருடைய அடுத்த கேள்விதான் பலமானது. “தண்ணி பட்ட வண்டின்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாரு. நீ செலவு பண்ணது, பார்ட்ஸ் மாத்தினது எதுவும் அவன் காதுல விழாது. நல்ல வண்டியைக் குப்பைன்னு நெனச்சிப்பான். அதுவும் ஒரு பொய்தானே?” உண்மைதான். ‘வெள்ள வண்டி’ என்ற சொல் வண்டியில் இருக்கும் உண்மையான சேதத்தைவிடப் பெரிய சேதத்தைக் கேட்பவர் மனதில் உண்டாக்கும். சொன்னவனுக்கு நஷ்டம், சொல்லாமல் விற்ற பக்கத்துத் தெருக்காரனுக்கு லாபம். ஜார்ஜ் அகர்லோஃப் 1970இல் பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து எழுதிய பொருளாதாரக் கட்டுரை இதைத்தான் விளக்குகிறது. எது நல்ல வண்டி என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் அவர் எல்லா வண்டிக்கும் சந்தேக விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் கெட்ட வண்டிகளே மிஞ்சும். 2001இல் அவருக்குக் கிடைத்த நோபலுக்கு இந்த வேலையும் ஒரு காரணம்.

மாமாவுக்கு என் பதில், ‘தண்ணி வண்டி’ என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்ல வேண்டாம், முழுசாகச் சொல்வோம் என்பதுதான். எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது, எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை, அந்த விளக்கு எப்போது எரிந்தது. பாதி உண்மை பயத்தைக் கிளப்பும் என்றால் மீதியையும் பில்லோடு சேர்த்து வைத்தால் போகிறது.

“அவன் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பாக்கட்டுமே” என்று கேட்கலாம். சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்கிறது. மௌனம் மோசடியாகவே இருந்தாலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்து உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய முடியாது என்று 19ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. எது சாதாரணக் கவனம்? சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு வெளியே இழுத்து, அடிப்பக்கத்தில் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பார்க்கலாம். சீட் ரெயிலில் துரு பார்க்கலாம். கார்பெட்டைத் தூக்கலாம், ஸ்டெப்னி குழியில் கை விடலாம், மோந்து பார்க்கலாம். 2023 டிசம்பருக்கு அப்புறம் இன்சூரன்ஸ் க்ளைம் போயிருக்கிறதா என்று விசாரிக்கலாம். பழைய கார் வாங்கப் போகிற எல்லாரும் இதைச் செய்ய வேண்டும். ஆனால் எங்கள் வண்டியில் கார்பெட்டே புதுசு. பெல்ட்டைக் கழுவியாயிற்று. ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், நிறம் எல்லாம் உண்டு, வண்டி தண்ணீரில் நின்றதா என்று எழுத இடம் இல்லை. இரண்டு முறை எரிந்து அணைந்த விளக்கை எந்த மெக்கானிக்காலும் மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அது எங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த சமாச்சாரம்.

அந்தத் தகவல் யாருடையது என்பதில்தான் என் யோசனை வந்து நின்றது. நான் படித்துச் சம்பாதித்த அறிவு என்னுடையது, அதை இலவசமாகக் கொடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பங்குச் சந்தை எங்கே போகும் என்று நான் கணித்திருந்தால் அது என் சாமர்த்தியம். ஆனால் இந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது எதுவும் என் சாமர்த்தியத்தால் வந்ததில்லை. ஒன்பது வருஷம் கூடவே இருந்ததால் வந்தது. வண்டிக்கு நடந்ததைத்தான் நான் தெரிந்துவைத்திருக்கிறேன். டயரும் ஜாக்கியும் வண்டியோடு போவதுபோல அதுவும் வண்டியோடு போக வேண்டும். வண்டியைக் கொடுத்துவிட்டு அதை மட்டும் நான் வைத்துக்கொண்டால், முழு விலை வாங்கிக்கொண்டு ஒரு பாகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டதாகத்தான் ஆகும்.

இந்தப் பக்கத்தில் இது ஒன்றும் புது யோசனை இல்லை. பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக், வீல், ஸ்டார்ட்டர் என்று கார் பாகங்கள் செய்யும் கம்பெனிகள் அறுபது வருஷமாக இருக்கின்றன. அப்பா அப்படி ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். தேறாத பாகத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். சும்மா ஓரமாக வைத்தால் போதாது, ஏனென்றால் அடுத்த ஷிஃப்டில் வருகிறவனுக்கு அது நல்ல பாகமாகத் தெரியும். காரின் கையுறைப் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு சர்வீசையும் கிலோமீட்டரோடு எழுதிவைத்ததும் அவர்தான். ஏர்பேக் விளக்கு எரிந்த இரண்டு தேதிகளும் அதில் இருக்கின்றன. விவாதத்தில் அவர் அதிகம் பேசவில்லை. “நோட்டு வண்டியோட போவும்” என்று மட்டும் சொன்னார்.

என் தொழிலிலும் ‘இருக்கிற நிலையில்’ தருவது என்று உண்டு. ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் பலவற்றின் உரிமத்தில், எந்த உத்தரவாதமும் கிடையாது என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அது நேர்மையற்றதாக எனக்குத் தோன்றியதில்லை. காரணம், அதே இடத்தில் தெரிந்த பிழைகளின் பட்டியல் திறந்து கிடக்கும். பொறுப்பு உன்னுடையது என்று சொல்பவர், தனக்குத் தெரிந்ததை எடுத்து முன்னால் வைத்துவிட்டுச் சொல்கிறார். “ஓட்டிப் பாத்துக்குங்க சார்” என்று சாவியை நீட்டுகிறவர் அப்படிச் செய்வதில்லை. “வண்டியில பிரச்சினை எதுவும் இல்லல்ல?” என்று கேட்காமல் யாரும் கார் வாங்குவதில்லை. அது சட்டத்தின் மூன்றாவது குதிரை. அந்தக் கேள்விக்கு ‘ஓட்டிப் பாத்துக்குங்க’ என்பது பொய்யும் இல்லை, பதிலும் இல்லை.

மகளுக்குச் சொல்ல வேண்டும், வெளியாளுக்கு வேண்டாம் என்று சட்டம் கோடு போட்டதற்கு நியாயம் இருக்கிறது. எல்லா மௌனத்தையும் கோர்ட்டுக்கு இழுத்தால் யாரும் எதையும் விற்க முடியாது. குறள் அப்படிக் கோடு போடவில்லை. எதிராளியின் பொருளையும் தன் பொருளாகவே பாவிப்பதுதான் வாணிகம் என்று அது நடுவுநிலைமை அதிகாரத்தில் சொல்கிறது. விலையைப் பொறுத்தவரை சட்டத்தின் கோடு போதும் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அவசரமாகப் பணம் வேண்டும் என்பதையோ, இன்னொருவர் குறைவாகக் கேட்டார் என்பதையோ நான் சொல்லத் தேவையில்லை. ஏர்பேக் அப்படியில்லை. முன் சீட்டில் உட்காரப் போவது அவருடைய மனைவியோ மகளோ. அந்த இடத்தில் வெளியாள் என்று யாரும் கிடையாது.

சிக்கல் இத்தோடு தீரவில்லை. கன்சல்டிங் கடையில் விட்டால் நான் உண்மையைச் சொல்லி முடித்துவிட்டேன் என்று ஆகிவிடும். கடைக்காரர் கேட்டுக்கொண்டு, விலையைக் குறைத்து வாங்கி, நோட்டை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, வாட்டர் வாஷ் பண்ணி நிறுத்துவார். என் உண்மைக்கான தள்ளுபடி அவருக்குப் போகும், வண்டி தெரியாத ஒருவருக்குப் போகும். அதனால் நேராகத்தான் விற்பது என்று முடிவு செய்திருக்கிறோம். ஏர்பேக் வயரிங்கை இன்னொரு இடத்தில் முழுசாகச் சோதித்து, அந்த ரிப்போர்ட்டையும் சேர்த்து வைப்பது. சந்தை விலையிலிருந்து ஐம்பது, அறுபதாயிரம் குறையும் என்று மாமா கணக்குப் போட்டிருக்கிறார். அது குழந்தையின் ஒரு வருஷ ஃபீஸ். அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

வாங்குகிறவர் நாளைக்கு வேறொருவருக்கு விற்கும்போது நோட்டைக் கொடுப்பாரா என்பது என் கையில் இல்லை. ஆர்.சி.யில் ஒரு கட்டம் இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம். அமெரிக்காவில் வெள்ளத்தில் சிக்கி டோட்டல் லாஸ் ஆன வண்டிகளுக்குப் பல மாநிலங்கள் உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை குத்துகின்றன. அங்கேயும் மாநிலம் மாற்றி முத்திரையை அழிக்கிறவர்கள் உண்டு, ஆனாலும் அதற்கு ஒரு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. இங்கே சும்மா இருந்தாலே போதும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியதைப் பார்த்தோம். மேலே ஏற்ற முடியாமல் கீழேயே நின்று நனையும் வண்டிகளும் ஒவ்வொரு மழைக்கும் இருக்கும். அவற்றில் பல கழுவித் துடைத்து எங்கேயோ விலைக்கு நிற்கும். அவற்றின் கதை தெரிந்த ஒரே ஆள், விற்க நிற்பவர்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து ஒருவர் வண்டி பார்க்க வருகிறார். முதல் கார் வாங்கப் போகிறாராம். அப்பா நோட்டில் விட்டுப்போன இரண்டு பில்களை ஒட்டிக்கொண்டிருக்கிறார்.