போனால் என்ன?

திசையன்விளைத் தேரிப் பக்கம், பனையேறிச் சலித்த வீட்டில் பெரியவர் பையனிடம், ‘ஏல, பம்பாய்க்குப் போனா என்ன?’ என்கிறார். ஜப்பானிய மொழியிலும் யோசனைக்கு இதே உரு: ‘இத்தரா தோ தெஸ்கா’ - போனால் எப்படி? அங்கே ‘இத்தா’, இங்கே ‘போன’, இரண்டும் இறந்தகாலம். (இரு மொழிக்கும் உறவு சொன்ன சுசுமு ஓனோவை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அந்த வழக்கு இங்கே வேண்டாம்.) என்னை உறுத்துவது, இன்னும் கிளம்பாதவனை வாக்கியம் போய்விட்டவனாக்குகிறது, சொன்னவரோ வெறுமனே கேட்டவராக நிற்கிறார். மறுக்க இடம் விடும் பணிவு என்பது மெய்தான். ஆனால் தாராவி அறையில் பையன் காய்ச்சலில் கிடக்கும்போது, ‘நான் போகச் சொல்லலியே’ என்று பெரியவர் சத்தியம் செய்யலாம். இலக்கணம் சாட்சி சொல்லும். ‘போ’ என்கிற முரடனே எனக்குச் சம்மதம். திரும்பி வந்து அவன் சட்டையைப் பிடிக்கலாம்.