நேரம் யாருக்கு உரியது?
மாணவர் வாழ்விற் காலப் பகிர்வு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

‘நேரமில்லை’ என்பது பல்கலைக்கழக வளாகங்களில் மிகுதியாக வழங்கும் சொற்களுள் ஒன்றாகும். விரிவுரை, பயிற்சிக் கட்டுரை, தொடர் மதிப்பீடு, சங்கப் பணி, விளையாட்டு, வீட்டிலிருந்து வரும் அழைப்பு என ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும் அலுவல்களுக்கிடையே மாணவர் இச்சொல்லைச் சில வேளை விளக்கமாகவும் சில வேளை சாட்டாகவும் கையாளுகின்றனர். நேரத்தைத் திட்டமிடும் வழிகளைக் கூறும் நூல்களுக்குக் குறைவில்லை. ஆயின் அவை பெரும்பாலும் இதனை ஒரு திறன் சார்ந்த பிரச்சினையாகவே கொள்கின்றன. நேரத்தைப் பகிர்தல் திறன் சார்ந்தது மட்டுந்தானா, அன்றி அறம் சார்ந்ததுமா என்னும் வினாவினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் கணக்கினை நோக்குவோம். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி ஒரு ‘கிரெடிற்’ என்பது 50 மணி நேரக் கற்றலைக் குறிப்பது. ஓராண்டுக்குரிய 30 கிரெடிற்றுகளுக்கு 1,500 மணி நேரம் வேண்டும்; அரையாண்டுத் தவணைக்கு 750 மணி நேரம். இதனை 15 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரமொன்றுக்கு 50 மணி நேரம் வரும். விரிவுரை மட்டுமன்றி நூலக வாசிப்பு, கட்டுரை எழுதுதல், பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தல் யாவும் இதனுள் அடங்கும். வாரத்தின் 168 மணி நேரத்தில் கற்றலுக்கு இந்த 50, உறக்கத்துக்கு 56, உணவு, குளிப்பு, துணி துவைத்தல் முதலியவற்றுக்கு 21 எனக் கழித்தால் எஞ்சுவது 41 மணி நேரம். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். எனவே கணக்கின்படி நேரம் உண்டு. அவ்வாறாயின் ‘நேரமில்லை’ என்பதன் பொருள் யாது? அந்நேரத்தின்மீது உரிமை கோருவோர் பலர் என்பதே அதன் பொருளாகும். உரிமை கோருவோர் பலராகும்போது யாருக்கு எதனை அளிப்பது என்னும் வினா பிறக்கின்றது. அது நீதி பற்றிய வினா என்பது வெளிப்படை.

காலத்தை மணிகளாகக் கூறுபோட்டு நோக்குவது நெடுங்கால வழக்கன்று. ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், கைத்தொழில் முதலாளித்துவத்தின் வளர்ச்சியோடு வேலையை நோக்கிய காலக்கணிப்பு மறைந்து கடிகாரத்தை நோக்கிய காலக்கணிப்பு வேரூன்றியதை விளக்கினார். தமிழ் மரபிலோ தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது. பொழுது வாழ்வின் நிகழ்ச்சியோடு பிணைந்திருந்தது. திருக்குறளின் ‘காலமறிதல்’ அதிகாரமும் எத்தனை மணி நேரம் உழைப்பது என்பதைப் பேசவில்லை; எச்செயலுக்கு எது தக்க பருவம் என்பதையே பேசுகின்றது. காலம் அளவு மட்டுமன்று, தகுதியும் ஆகும் என்னும் இக்கருத்து நமது வினாவுக்கு இன்றியமையாதது. நண்பனின் துயர்கேட்க ஞாயிறு மாலை நான்கு மணியை ஒதுக்கிவைத்தல் இயலாது. துயர் வந்த பொழுதே அதற்குரிய பொழுதாகும்.

உரோம மெய்யியலாளர் செனெக்கா, வாழ்நாளின் குறுமை பற்றிய தமது நூலில், தம் உடைமைகளைக் கருத்தோடு காக்கும் மாந்தர் தம் காலத்தை மட்டும் கேட்போர்க்கெல்லாம் வாரி வழங்குவதைக் கண்டித்தார். இக்கண்டனத்தில் உண்மை உண்டு. எனினும், நேரம் முற்றிலும் தனிமனித உடைமையே என்னும் எண்ணம் இதன் அடியில் இருக்கின்றது. மாணவரைப் பொறுத்தவரை இதனை அவ்வாறே ஏற்க முடியுமா? இந்நாட்டில் 1945 முதல் நடைமுறையிலிருக்கும் இலவசக் கல்வி விலையற்ற கல்வியன்று. அதன் விலையைப் பிறர் செலுத்துகின்றனர். பல்கலைக்கழகத்தின் வாயிலையே கண்டிராத தோட்டத் தொழிலாளியும் கடற்றொழிலாளியும் தாம் வாங்கும் பொருளின்மீது செலுத்தும் வரியும் அதனுள் அடங்கும். ஆகவே மேற்கூறிய 50 மணி நேரம் மாணவரின் விருப்புக்கு மட்டும் உரியதன்று. அது ஒரு வகையிற் கடன்.

ஆயின் கடன் ஒன்றே இருப்பின் சிக்கல் இல்லை. நாளைக் காலை ஒப்படைக்கவேண்டிய கட்டுரை முடிவுறாதிருக்கையில், விடுதித் தோழர் ஒருவர் கடுங் காய்ச்சலால் வருந்துகிறார் எனக் கொள்வோம். அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். இங்குக் கல்விக் கடனும் மனிதக் கடனும் மோதுகின்றன. டபிள்யூ. டி. ரொஸ் 1930இல் வெளியிட்ட நூலில், வாக்குக் காத்தல், நன்றியுடைமை, பிறர்க்கு நன்மை செய்தல் முதலிய கடமைகள் யாவும் முதற்றோற்றத்திற் கட்டுப்படுத்துவன என்றும், அவற்றுள் எது மேலோங்குமென்பதைச் சூழ்நிலையை நோக்கியே துணிய வேண்டும் என்றும் கூறினார். நமது எடுத்துக்காட்டில் துணிதல் எளிது. கட்டுரை காத்திருக்கும், காய்ச்சல் காத்திராது. எனினும் இத்துணிபைச் செயலாக்க இயல்வது, கட்டுரையை இறுதி இரவுவரை ஒத்திப்போடாதவருக்கே எளிது. கடைசி நாழிகைவரை வேலையைத் தள்ளிவைத்தவர், பிறர்க்கு உதவும் சுதந்திரத்தையும் முன்கூட்டியே இழந்துவிடுகிறார்.

இங்கிருந்து நேரசூசி பற்றிய ஓர் உண்மை புலனாகின்றது. ஒவ்வொரு மணி நேரமும் நிரப்பப்பட்ட நேரசூசி சிறந்த நேரசூசி அன்று. அது எதிர்பாராது வரும் ஒவ்வொருவரையும் வருமுன்னரே மறுத்துவிட்ட நேரசூசியாகும். குளங்கட்டியோர் மேலதிக நீர் வழிந்தோட வான் அமைத்தனர். அவ்விடம் ஆண்டின் பெரும்பகுதியிற் பயனற்றதுபோற் காணப்படும். பெருமழையில் கட்டைக் காப்பது அதுவே. வாரத்தின் 41 மணி நேரத்தில் ஒரு பகுதியை எதற்கும் ஒதுக்காது விடுதல் சோம்பலன்று. அது பிறர்க்கென வைக்கப்பட்ட இடமாகும்.

‘இவ்வாறாயின் கேட்போர்க்கெல்லாம் நேரத்தை ஈந்து அழிய வேண்டியதுதானா?’ என ஒருவர் வினவலாம். தேவைக்கும் கோரிக்கைக்கும் உள்ள வேறுபாட்டினை உணர்தல் இங்கு அவசியம். காய்ச்சலுற்றவரின் அழைப்புத் தேவை. நான்காவது சங்கத்திலும் செயலாளராகும்படி வரும் அழைப்புக் கோரிக்கை. எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்பவர் தாராள மனத்தினர் போலத் தோன்றினும், நிறைவேற்ற இயலாத வாக்குகளையே வழங்குகிறார். உரிய வேளையில் ‘இயலாது’ எனக் கூறுவது நேர்மையின்பாற்பட்டது. மேலும், நமது நேரத்தைப் பற்றிக் கவலையுறும் நாம் பிறர் நேரத்தை எண்ணுவதில்லை. நாற்பது பேர் கூடியிருக்கும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் அரை மணி நேரம் தாமதித்து வருவாராயின், அவர் செலவிட்டது இருபது மணி நேரமாகும். அச்செலவு அவருடையதன்று.

இன்னொரு தடையும் உண்டு, அது கனமானது. நேரம் எல்லோருக்கும் சமமாக வழங்கப்பட்ட செல்வம் என்று கூறப்படுவது முழு உண்மையன்று. பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திக் கிடைக்கும் பணத்தில் வாழும் மாணவருக்கும், நாள்தோறும் பேருந்தில் நெடுந்தூரம் வந்து செல்பவருக்கும், வீடு சென்றதும் சமையலும் தம்பி தங்கையர் பராமரிப்பும் காத்திருக்கும் மாணவிக்கும் அந்த 41 மணி நேரம் ஏட்டளவில் மட்டுமே உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியபோது எவருடைய நேரசூசியும் நிலைக்கவில்லை. ஆயினும் மின்பிறப்பாக்கி உள்ள வீட்டுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றிய வீட்டுக்கும் இடையே வேறுபாடு இருந்தது. எனவே பின்தங்கியவரை நோக்கி ‘நேரத்தைத் திட்டமிடத் தெரியாதவர்’ எனக் கூறுமுன், அவருக்குத் திட்டமிட எத்தனை மணி நேரம் இருந்தது எனக் கேட்டல் முறையாகும். ஐந்து பாடங்களின் ஒப்படைகளை ஒரே வாரத்திற் குவிக்காதிருத்தல் போன்ற பொறுப்புகள் கல்வி நிறுவனத்துக்கும் உண்டு. தனிமனித ஒழுக்கத்தை மட்டும் பேசி அமைப்பின் குறையை மறைத்தல் அறமாகாது.

இறுதியாக, தன் பொருட்டு ஒருவர் ஆற்றும் கடனும் உண்டு. ஓய்வைக் குறித்த ‘ஸ்கொலே’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பாடசாலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தோன்றியது. ஓய்வினைப் பெறும் பொருட்டே அலுவலில் ஈடுபடுகிறோம் என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. அவர் கருதிய ஓய்வு வீண்பொழுதன்று, சிந்தனைக்குரிய பொழுது. அவ்வோய்வை அன்று சிலரே அனுபவிக்கப் பலர் அடிமைகளாக உழைத்தனர் என்பதையும் மறத்தலாகாது. பாடத்திட்டத்தில் இல்லாத நூலொன்றைப் படித்தல், முடிவுக்கு வராத விவாதமொன்றில் ஈடுபடுதல் ஆகியன பரீட்சைப் புள்ளிக்கு உதவாதிருக்கலாம். ஆயின் அவை இல்லாது பெறும் பட்டம் பயிற்சியின் சான்றேயன்றிக் கல்வியின் சான்றாகாது.

ஆகவே, நேரம் யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. அது ஒரு பகுதி கல்வி தந்த மக்களுக்கும், ஒரு பகுதி நம்மைச் சார்ந்தோர்க்கும், ஒரு பகுதி நமக்கும், ஒரு பகுதி யாரென்று இன்னும் அறியப்படாத ஒருவருக்கும் உரியது. நேரசூசியைத் தீட்டும் மாணவர், எவ்வெக் கடன்களை ஏற்கிறோம், எவற்றை மறுக்கிறோம் என்பதையே அதில் எழுதுகிறார். அடுத்தமுறை ‘நேரமில்லை’ எனக் கூறுமுன், ‘யாருக்கு?’ என்னும் வினாவையும் சேர்த்து எழுப்புவோமாயின், அச்சொல்லை நாம் இன்னும் சற்று நேர்மையோடு வழங்குதல் கூடும்.