திரும்பி வந்த பிள்ளை

குறிகட்டுவானிலிருந்து புறப்பட்ட படகு நெடுந்தீவை அடைகிறது. குருமடத்தை விட்டு வந்த இளைஞன் ஒருவன் பெட்டியோடு இறங்குகிறான். "என்ன பிழை விட்டானோ?" என்று கரையில் நிற்போர் ஆளையாள் பார்க்கின்றனர். தாயார் பூசைக்குப் போகவும் கூசுகிறார். இப்படியொரு காட்சியை நாம் அறியோமா?

மோர்மன் சபையாரிடத்திலும் இவ்வேதனை உண்டு. அவர்களுடைய வாலிபர்கள் 18 வயதிலேயே, இருவர் இருவராக, ஈராண்டு மறைபரப்பச் செல்கின்றனர். எத்தனை பேரைச் சந்தித்தாய், எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றனர் என்று தலைவர்களுக்கு வாரந்தோறும் கணக்குக் கொடுக்கவேண்டும். அத்தலைவர்களிலும் பலர் அவர்கள் வயதினரே. 2019 வரை ஆண்டில் இரண்டு நாட்கள் மட்டுமே வீட்டாரோடு தொலைபேசியில் பேசலாம். அவ்வாண்டிலேயே வாரந்தோறும் பேச அனுமதி கிடைத்தது. தவணை முடியுமுன் திரும்பியோர் பலர் வெட்கத்தால் குன்றிப்போகின்றனர்.

கீழ்ப்படிதல் புண்ணியமே. ஆனால் பயத்தால் பிறக்கும் கீழ்ப்படிதல் புண்ணியமாகுமா? 1687இல் இலங்கை வந்த புனித யோசேவ் வாஸ், 1696 வரை துணைக்குரு எவருமின்றி உழைத்தார். அது அவருக்கு அருளப்பட்ட வரம். பிறரை அடிக்கும் பிரம்பல்ல.

பணி முடித்துத் திரும்பிய சீடர்களை ஆண்டவர் முதலில் இளைப்பாறவே அழைத்தார். மேய்ப்பர்க்கு அதுவே இலக்கணம்.

பெற்றோரே, "ஏன் வந்தனீ?" என்று கேட்குமுன், "சாப்பிட்டியோ, தம்பி?" என்று கேளுங்கள். அழைத்தவர் இறைவன், வேறு வழியில் நடத்தவும் அவரே வல்லவர்.