பாலையாவின் முகம்

"இவருக்கு ஒண்ணும் ஆகாது, தம்பி." சித்தப்பா சொன்னது அவ்வளவுதான். பாலையாவைப் பார்த்தபடி சொன்னார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். மாதங்கள் போய்விட்டன, அந்தப் பேச்சு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

திரையில் ஓடிக்கொண்டிருந்த படம் 'காதலிக்க நேரமில்லை'. 1964-இல் ஸ்ரீதர் எடுத்தது. படம் பிடிக்கக் கிளம்பிய மகன் நாகேஷ், அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி. சித்தப்பாவுக்கு மனச்சிதைவு நோய். இளவயதில் வந்தது. காதில் குரல்கள் கேட்கும். மாத்திரைகளால் பெரும்பாலும் அடங்கியிருக்கும், சில வாரங்கள் அடங்காது. அப்படி ஒரு வாரத்தில், அம்மா வைத்த சோறு ஆறிக் கிடந்த ஒரு மத்தியானம் அது.

அந்தக் காட்சியில் எல்லோரும் நாகேஷைப் பார்த்துச் சிரிப்போம். அன்று சித்தப்பா சிரிக்கவில்லை. அவர் கண் பாலையாவின் முகத்தை விட்டு அசையவில்லை. அவர் பார்ப்பதைப் பார்த்துத்தான் நானும் அந்த முகத்தைக் கவனித்தேன். யோசித்தால், அங்கே பேய் என்று எதுவும் இல்லை. கதையில் வரும் எதையும் நமக்குக் காட்டுவதில்லை. உட்கார்ந்திருக்கிறார் ஒருவர். அவரைச் சுற்றி ஒரு குரல், வாயாலேயே எழுப்புகிற சில சத்தங்கள். எங்குமே இல்லாத ஒன்றை அந்தக் குரல் சொல்லச் சொல்ல, கேட்பவரின் முகம் படிப்படியாக வெளிறுகிறது. எத்தனையோ தடவை விழுந்து விழுந்து சிரித்த காட்சி. குரலுக்கு நடுங்கும் ஒருவரை, குரலுக்கு நடுங்கியே வாழ்ந்த இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாலையாவுக்கு ஒன்றும் ஆகாதுதான். நாகேஷ் கதையை நிறுத்தினால் பயமும் நின்றுவிடும். சித்தப்பாவுக்குக் கேட்கும் குரல் அப்படி நிற்காது. அந்த ஏக்கத்தில் சொன்னாரா?

எனக்கு நினைவு தெரிந்த சித்தப்பா வேறு ஆள். லால்குடிப் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். தரை டிக்கெட். முன்னால் இருப்பவர் தலை மறைக்காமல் இருக்க மணலைக் குவித்து எனக்கு ஆசனம் போட்டுக் கொடுப்பார். எந்தப் படத்தையும் முதலில் தான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் என்னை அழைத்துப் போவார். வில்லன் கத்தியை எடுக்கும்போது காதருகே குனிந்து, "பயப்படாத, இப்ப போலீஸ் வந்துரும் பாரு" என்பார். வந்துவிடும். அடுத்தது என்ன என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்ததால், சின்ன வயதில் எந்தப் படமும் என்னைப் பயமுறுத்தியதில்லை. பிறகு அவருக்கு நோய் வந்தது. நரம்புத் தளர்ச்சி என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டோம். குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் வைத்திருந்தோம். அதற்கப்புறம்தான் திருச்சியில் மனநல மருத்துவரிடம் போனது.

நோய் முற்றிய காலத்தில் அவரால் டிவியில் செய்தி பார்க்க முடியாது. செய்தி வாசிக்கிறவர் நேராக இவரைப் பார்த்து, இவரைப் பற்றியே பேசுகிறார் என்று தோன்றும். இந்த நோயில் அது வழக்கம்தான் என்று டாக்டரம்மா விளக்கினார். புதுப் படமும் ஆகாது. அடுத்து என்ன வரும் என்று தெரியாதது ஒரு தொந்தரவு. மாத்திரையால் கை நடுங்கும், கால் ஒரு இடத்தில் நிற்காது, அதனால் மூன்று மணி நேரம் உட்காருவதே பெரும்பாடு. ஆனால் மனப்பாடமான பழைய படத்தில் யாரும் இவரிடம் பேசுவதில்லை. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். போன தடவை சொன்னதையே இந்தத் தடவையும் சொல்கிறார்கள். தன் மனசையே நம்ப முடியாதவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் என்ன கிடைத்துவிடும்?

கல்லூரி நாளில் படித்த ஒரு புத்தகம் அரைகுறையாக ஞாபகம் வருகிறது. நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் எழுதியது. 1964-இல் முதுகெலும்பை முடக்கும் நோய் கண்டு படுத்தவர், ஆஸ்பத்திரியை விட்டு ஓட்டல் அறைக்குப் போய், மார்க்ஸ் சகோதரர்களின் நகைச்சுவைப் படங்களை ஓடவிட்டுச் சிரித்தாராம். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது சித்தப்பாவின் ஞாபகம்தான் வந்தது. ஆனால் அது உடம்பு வலி. சிரிப்பே வராமல் போவதுதான் நோய் என்றால் அந்த வைத்தியத்தை எங்கிருந்து தொடங்குவது?

சினிமாவை மருந்து என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை. 'கீழ்ப்பாக்கம்' என்று சொன்னாலே சிரிக்கலாம் என்று தமிழ்நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது சினிமாதானே. 1794-இல் தொடங்கி இன்றைக்கும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கிற மனநல மருத்துவமனை அது. அந்த வசனம் வரும்போதெல்லாம் சித்தப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். 'சேது' டிவியில் ஓடியபோது, விக்ரமைச் சங்கிலியில் கட்டியிருந்த காட்சியில் அம்மா சட்டென்று அணைத்துவிட்டாள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் எரிந்துபோன செய்தியைப் படித்து அழுதவள் அவள். அந்தப் படத்தைக் குறை சொல்ல மாட்டேன். நோயில்லாத நாங்கள் பார்க்க வேண்டிய படம் அது. நோயில் இருப்பவருக்கு வேண்டிய படம் வேறு. அது மனநோயைப் பற்றியதாக இருக்க வேண்டியதே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பயத்தை வெளியே, இன்னொருவர் முகத்தில், எட்டி நின்று பார்க்க ஒரு இடம் கிடைத்தால் போதுமோ என்னவோ.

மறுபடியும் அந்தப் பேச்சுக்கே வருகிறேன். ஏக்கம் என்று முதலில் நினைத்தேன். இப்போது வேறு மாதிரியும் தோன்றுகிறது. "ஒனக்கு ஒண்ணும் ஆகாது" என்று வாழ்நாளெல்லாம் நாங்கள்தான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். அம்மா சொன்னாள், பூசாரி சொன்னார், டாக்டரம்மா சொன்னார். அதை வேறொருவருக்குச் சொல்லும் இடத்தில் அவர் நின்று நெடுங்காலம் ஆகிவிட்டது. அன்று மட்டும், மணல் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஆள், முடிவு தெரிந்தவர், பாலையாவுக்குத் தைரியம் சொன்னார். என்னைத் 'தம்பி' என்று அவர் கூப்பிட்டும் வெகுநாள் ஆகியிருந்தது.

இதெல்லாம் என் ஆசையாகவும் இருக்கலாம். மாத்திரையின் அளவை அந்த வாரம்தான் கூட்டியிருந்தார்கள். வெறும் பசியாகவும் இருக்கலாம். திரையில் இருப்பவரை நிஜ மனிதராக நினைத்துப் பேசினார் என்றால் அதற்கு வைத்தியத்தில் வேறு அர்த்தம் உண்டு. அடுத்த முறை போகும்போது, "புதுசா ஏதாவது பேசினாரா?" என்று டாக்டரம்மா கேட்பார், எப்போதும் கேட்பதுதான். இந்தத் தடவையாவது இந்தப் பேச்சைச் சொல்லத்தான் போகிறேன். நல்ல சேதியாகச் சொல்வதா, கவலையாகச் சொல்வதா என்பது மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.