கால் படும் இடம்

ஐப்பசி. இரண்டு நாள் அடைமழை விட்ட காலையில் கொல்லைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இடது பின்கால் லேசாகத் தணிந்து கொடுத்தது. குனிந்து சாவி முனையால் அடிக்காலைக் குத்தினேன். காப்பியில் தோய்த்த ரஸ்க்கில் இறங்குகிற மாதிரி அரை அங்குலம் இறங்கிற்று. ஒரு சாண் மேலே குத்தினால் சாவிதான் வழுக்குகிறது. ஒரே சட்டம், ஒரே தேக்கு. மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் மக்கியிருக்கிறது.

*

ஆசாரி வந்து பார்த்தார். பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, நாலு காலின் வெட்டுமுகத்தையும் விரலால் தடவினார். மூன்று கால் தேன் நிறம். நாலாவதில் ஒரு மூலை வெளுத்த மஞ்சள்.

“வைரத்துக்குக் காசு கொடுத்து வெள்ளையும் சேர்த்து வாங்கியிருக்கீங்க ஐயா.”

தேக்கு என்ற பேர் மரம் முழுக்கச் செல்லாது. நடுவில் இருக்கும் வைரம்தான் கரையானையும் ஈரத்தையும் தாங்கும். அதைச் சுற்றியுள்ள வெள்ளை, வேறு எந்த மரத்தின் வெள்ளையையும் போலத்தான்: செல் அரிக்கும், வண்டு துளைக்கும், மழையில் மக்கும். இளம் மரத்தில் வைரம் கொஞ்சம், வெள்ளை நிறைய. கல்லணைக் கால்வாய்க் கரையில் வரிசையாக நிற்கும் தேக்குகளைத் தஞ்சாவூர் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அவற்றின் நிழலைத்தான் பார்த்தேனே தவிர வயதை யோசித்ததில்லை. நிலம்பூரில் 1840-களில் வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட தோப்பில் சில மரங்கள் இன்னும் நிற்கின்றன. மரம் வாங்குகிறவன் உண்மையில் விலை கொடுப்பது அந்தக் காத்திருப்புக்குத்தான்.

திருச்சியில் மரக்கடை என்று ஒரு பஸ் ஸ்டாப்பே உண்டு. கண்டக்டர் கூவக் கூவ எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன். மரம் பார்க்க ஒருமுறைகூட இறங்கவில்லை. பெஞ்சை ரெடிமேடாக, பளபளப்பை மட்டும் பார்த்து வாங்கினேன். கவிழ்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

*

கிணறு வெட்டும்போது அடியில் நாவல் கட்டை போடுவார்கள். திருவானைக்காவில் வெண்ணாவல்தான் தல மரம் என்பதால் இந்தப் பக்கத்தில் நாவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு கோயிலுக்குப் போய்விடும். நான் நினைப்பது கிணற்றடிக் கட்டையை. தலைமுறை தாண்டித் தண்ணீருக்குள்ளேயே கிடந்தாலும் எடுத்தால் கெட்டியாக இருக்கிறது. வீட்டு உத்தரமோ ஈரமே காணாமல் நூறு வருஷம் நிற்கிறது. முழுக்க நனைந்ததும் கெடவில்லை, முழுக்கக் காய்ந்ததும் கெடவில்லை. மக்கவைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது, தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் அதற்கு மூச்சில்லை. இரண்டுக்கும் நடுவே, ஈர மண்ணும் காற்றும் சந்திக்கிற நிலமட்டத்தில்தான் அதற்குக் கல்யாணச் சாப்பாடு. வேலிக்கால் இற்று விழுவதும் சரியாக அந்த மட்டத்தில்தான்.

போதாததற்கு, சட்டத்தின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சுகிற வேகம் பக்கவாட்டுக்குக் கிடையாது. மரம் வேரிலிருந்து நீர் ஏற்றிய அதே குழாய்கள்தான். வெட்டி எத்தனை வருஷம் ஆனால் என்ன, பழக்கம் போகவில்லை.

*

இந்த ஸ்ரீரங்கத்திலேயே பெரிய மரச்சாமான், வருஷம் முழுக்க வெளியில் நிற்பது, கீழச்சித்திரை வீதியில் இருக்கிறது. தேரைச் சாமான் என்று எழுதியதற்கு அம்மா இருந்திருந்தால் முறைத்திருப்பாள்.

விருப்பன் திருநாளில் சித்திரை வீதிகளைச் சுற்றி வந்து நிலைக்கு வரும். விஜயநகர இளவரசர் விருப்பண்ணரின் பேரால் வந்த திருநாள். அது முடிந்ததும் சீலை, தொம்பை, மூங்கில் எல்லாம் இறங்கிவிடும். அப்புறம் தெரிவது வெறும் மரம். காய்கறி வாங்கிக்கொண்டு வருகிற வழியில் அதன் கீழ்த்தட்டுச் சிற்பங்களின் முன்னால் நிற்பது வழக்கம். இப்போது நான் பார்ப்பது சிற்பத்தை அல்ல, பூட்டை. தேர் வேலையில் பெரிய சட்டங்களைக் கழுந்தும் காடியுமாக மாட்டுகிறார்கள். இற்றுப்போன சட்டத்தை மட்டும் உருவி வேறு செருகலாம். மொத்தத் தேரையும் யாரும் தூக்கிப் போடுவதில்லை.

மண்ணில் படுகிற பாகம் சக்கரம். பழைய மரச் சக்கரங்கள் போய்ப் பல கோயில்களில் இரும்பு வந்துவிட்டது. திருவாரூர் ஆழித்தேர் உட்படப் பலவற்றுக்குச் சக்கரம் செய்துகொடுத்தது நம் திருவெறும்பூர் பெல் ஆலைதான். பாய்லர் செய்கிற இடம். மரம் மேலேயே இருக்கட்டும், தரையோடு உள்ள சண்டையை இரும்பு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டதாக எடுத்துக்கொள்கிறேன். பழைய திண்ணைகளிலும் மரத்தூண் நேராகத் தரையில் நின்றதில்லை. கீழே ஒரு பாதக்கல் இருக்கும்.

*

வார்னிஷ் கதையையும் எழுதி வைக்கிறேன். மூன்று வருஷம் முன்பு ஒரு பெயிண்ட் கடையில் சொன்னதைக் கேட்டு இரண்டு கோட் அடித்தேன். பங்குனி வரைக்கும் கண்ணாடி. நம் ஊர் கத்திரி வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும்; அதில் படலம் வெடித்து, அப்பளம் மாதிரி உரிந்தது. ஆடிக் காற்று போய் மழை வந்ததும் விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் கருத்தது. மழைக்குக் குடை பிடித்ததாக நினைத்தேன். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

உப்புத்தாள் போட்டு எல்லாவற்றையும் சுரண்டினேன். பிறகு எதுவும் பூசவில்லை. இப்போது பெஞ்சு சாம்பல் நிறம். வெயில் மேல்தோலை எரிக்கிறது, மழை அதைக் கழுவுகிறது. அவ்வளவுதான் அந்தச் சாம்பல். நகத்தால் அழுத்திச் சுரண்டினால் அடியில் பழைய தேன் நிறம் அப்படியே இருக்கிறது. எண்ணெய் தேய்த்தால் நிறம் திரும்பும், சில மாதத்துக்கு. தேய்ப்பவர்கள் தேய்க்கட்டும். எனக்குச் சாம்பல் பிடித்துவிட்டது.

பாசி பிடித்தால் தேங்காய் நாரும் சோப்புத் தண்ணீரும், ரேகை ஓடும் திசையில். இரும்பு நார் கூடாது. அதன் துகள் தங்கி, ஈரம் பட்டதும் கரும்புள்ளியாகிறது. ஆணியைச் சுற்றிக் கண்ணீர் வழிந்த மாதிரி இருந்த கறையும் இரும்பின் வேலைதான். ஆசாரி ஆணிகளைப் பிடுங்கிவிட்டுப் பித்தளைத் திருகாணி போட்டார்.

*

கார்த்திகை. நாலு காலிலும் இரண்டிரண்டு அங்குலம் அறுத்தாயிற்று. மக்கிய துண்டை ஆசாரி முகர்ந்து பார்த்துவிட்டு எறிந்தார். வெட்டுமுகத்தில் மட்டும் மெழுகு உருக்கித் தேய்த்தார். “இங்கதான் ஐயா குடிக்கும். மத்த இடத்துல அது பாட்டுக்குக் காயட்டும்.”

கீழே வைக்கக் கல் தேடினோம். உடைந்து கிடந்த அம்மியின் இரண்டு துண்டு கொல்லையிலேயே கிடைத்தது. மற்ற இரண்டு, பின்தெருவில் அடுக்குமாடிக்காக இடித்த வீட்டுத் திண்ணையின் பாதக்கற்கள். ஆட்டோக்காரர் அவற்றை ஏற்ற ஐம்பது ரூபாய் கூடக் கேட்டார்.

*

மார்கழி. கோயிலில் பாட்டு கேட்கிற நேரம். பெஞ்சின் பலகைகள் மேல் பனி. பலகைக்கும் பலகைக்கும் நடுவே சுண்டுவிரல் இடைவெளி; அதன் வழியாகச் சொட்டிக் கீழே மண்ணில் வரிவரியாகக் கோடு விழுந்திருக்கிறது. அம்மிக்கல் மேல் காலைச் சுற்றி ஈரம் ஒரு சதுரம். துடைக்கலாம் என்று துண்டை எடுத்தேன், பிறகு தோளிலேயே போட்டுக்கொண்டேன். எட்டரைக்கு வெயில் மதிலைத் தாண்டும், ஒன்பதுக்குக் காய்ந்துவிடும். அதுவரை காப்பி திண்ணையில்.