ஏந்தும் கைகளே தாய்மை

“தாய்மை, பெண்ணுக்கு ஆண்டவன் இட்ட கட்டளை” என்பர் பழைமைவாதிகள். புகழுரைபோல் ஒலிக்கும் இச்சொல், உண்மையில் பெண்ணை அடுக்களையோடும் தொட்டிலோடும் பிணைக்கும் விலங்கு! போற்றிப் பாடிவிட்டுப் பொறுப்பு முழுவதையும் அவள் தலையில் ஏற்றி, ஆடவன் கைவீசி நடக்க வகுத்த வழி. இதிலே உண்மை எவ்வளவு?

கருவைச் சுமப்பதும், ஈன்றெடுப்பதும், பாலூட்டுவதும் பெண்ணுடல் ஆற்றும் பணிகள், மறுப்பாரில்லை. ஆக்சிடோசின், புரோலாக்டின் போன்ற சுரப்புநீர்கள் அவளைக் குழந்தையைப் பேண ஆயத்தப்படுத்துகின்றன, அதுவும் மெய்யே. ஆனால், பரிவு அவளிடம் மட்டுந்தான் பிறக்குமா?

1967-ஆம் ஆண்டு, ரோசன்பிளாட் எனும் அமெரிக்க ஆய்வாளர், ஈன்றறியாத பெண் எலிகளையும், ஆண் எலிகளையும் குட்டிகளோடு தொடர்ந்து இருக்கவைத்தார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவை குட்டிகளைக் கவ்விவந்து கூட்டிலே சேர்த்தன, நக்கின, அணைத்துக் கிடந்தன. ஈன்றதால் வந்ததன்று அந்தப் பரிவு; உடனிருந்ததால் வந்தது!

எலி வேறு, மனிதன் வேறு என்பீர்களா? பிலிப்பைன்சின் செபு பகுதியில் 624 ஆடவரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. தந்தையானோரிடம் டெஸ்டோஸ்டிரோன் எனும் ஆண் சுரப்புநீர் சரிந்திருந்தது. நாள்தோறும் 3 மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பேணியோரிடம் அது மேலும் குறைந்திருந்தது. பேணும் பணிக்கு ஆணின் உடலும் இசைகிறது.

குழந்தை தேடுவதுதான் எது? தாயைப் பிரிந்த குரங்குக் குட்டிகளிடம் ஹார்லோ நடத்திய கொடிய சோதனை, 1958-இல் அதைக் காட்டிற்று. கம்பியால் ஆன பொம்மைத் தாய் பால் தந்தபோதும், குட்டிகள் துணி போர்த்திய பொம்மையையே பற்றிக்கொண்டன. பால் மட்டும் போதவில்லை, அணைப்பும் வேண்டியிருந்தது.

ருமேனியாவின் காப்பகங்களிலே உணவிருந்தது, கூரையிருந்தது; ஏந்துவார் இல்லை. 2000-இல் தொடங்கிய புக்காரெஸ்ட் ஆய்வில் 136 குழந்தைகளுள் ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். இரண்டு வயதுக்குள் சென்ற பிள்ளைகளிடம் பாசப் பிணைப்பு மிகுதியும் தழைத்தது. அவர்களை வளர்த்தோர் எவரும் ஈன்றோர் அல்லர்!

மனிதக் குழந்தை பல ஆண்டுகள் பிறரை நம்பி வாழ்வது. ஒருத்தி தனியே தாங்கக்கூடிய சுமையன்று அது. பாட்டி, தந்தை, அத்தை, அக்காள் எனப் பல கைகள் ஏந்தியதாலேயே நம் இனம் தழைத்தது என்கிறார் சாரா ஹிர்டி, 2009-இல் வெளிவந்த தம் நூலில்.

ஒன்று நினைவிற்கொள்வோம். இயற்கையே பெண்ணிடம் இப்பணியை ஒப்படைத்திருந்தாலும், அதனால் அது நீதியாகிவிடாது. நோயும் இயற்கைதான், மருந்தை மறுக்கிறோமா? இங்கோ, இயற்கைகூடப் பழைமைவாதியின் பக்கம் சாட்சி சொல்ல மறுக்கிறது!

மத்திய அரசின் விடுப்பு விதிகளைப் பாருங்கள்: மகப்பேற்றுக்குத் தாய்க்கு 180 நாள், தந்தைக்கு 15 நாள். ஈன்ற உடல் தேற அவளுக்கு ஓய்வு வேண்டும். அதிலே ஒரு நாளும் குறையலாகாது. ஆனால், பதினைந்து நாளிலே எந்தத் தந்தை குழந்தையைப் பேணப் பழகுவான்? உடனிருந்தால் ஊறும் அன்பு, உடனிருக்க விடாத விதியால் வற்றுகிறது. இழப்பு தாய்க்கு மட்டுமா? தந்தைக்கும், குழந்தைக்கும் அல்லவா!

தாய்மையைக் கோயிலில் வைத்துக் கும்பிட்டது போதும், கூடத்திலே பகிர்ந்துகொள்வோம். நள்ளிரவில் குழந்தை அழுகிறதா? எழட்டும் தந்தை!