நான்காவது நாற்காலி

கெப்பாலா பத்தாஸில் நான்கு வருடம் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்தபோது ஒரு பொய் சொன்னேன். சொன்னேன் என்பதுகூடச் சரியில்லை, வாயையே திறக்கவில்லை. ஒரு நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான்.

சோபா, இரண்டு கட்டில், துணி அலமாரி, சாப்பாட்டு மேசை, நான்கு மர நாற்காலிகள் எல்லாமே வீட்டோடு வந்தவை. நாங்கள் குடிவந்தபோதே சோபாவின் நடுப்பகுதி குழிந்திருந்தது. இரண்டாம் வருடம் ஒரு நாற்காலியின் பின்னங்கால் ஆட ஆரம்பித்தது. சரி செய்யலாமென்று எடுத்தேன். அம்மா, "நம்ம சாமானா அது? வீட்டுக்காரவங்க பாத்துக்குவாங்க, விடு" என்றார். விட்டுவிட்டேன். அந்த நாற்காலியின்மேல் பழைய நாளிதழ்களை அடுக்கத் தொடங்கினோம். 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லோரிக்காரர் நாளிதழ்களை எடுத்துப் போவார். நாற்காலி அப்படியே கிடக்கும்.

காலி செய்வதற்கு முந்தின இரவு அந்தக் காலில் கொஞ்சம் பசை தடவி நிற்க வைத்தேன். மறுநாள் வீட்டுக்கார சீன ஆண்ட்டி வந்தார். நாற்காலிகளை எண்ணினார். நான்கும் இருந்தன. உட்கார்ந்து பார்க்கவில்லை. இரண்டு மாத முன்பணத்தை அப்படியே கொடுத்துவிட்டு, "நல்லா வச்சிருக்கே" என்று மலாயில் சொன்னார். நான் சிரித்தேன்.

வாடகை ஒப்பந்தங்களில் 'நியாயமான தேய்மானம் நீங்கலாக' என்று ஒரு வரி வரும். சாதாரணமாகப் புழங்கியதால் ஒரு பொருள் பழசாகிப் போனால் அது வாடகைக்காரன் தலையில் விழாது. அவன் உடைத்திருந்தால் விழும். முதலாவது காலம் செய்த வேலை, இரண்டாவது ஆள் செய்த வேலை. நல்ல பாகுபாடுதான். ஆனால் என் நாற்காலி இரண்டிலும் சேரவில்லை. கால் ஆடத் தொடங்கியது தேய்மானம். தெரிந்தே இரண்டு வருடம் ஆடவிட்டதற்கு என்ன பெயர்? நான் உடைக்கவில்லை, காப்பாற்றவும் இல்லை.

'நம்ம சாமானா?' என்ற கேள்வி ஒரு நகரத்தையே என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமானால், பட்டர்வொர்த் போய் ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனில் இறங்கினால் போதும். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்தது. அந்தக் குறைந்த வாடகையால்தான் சிறு வியாபாரிகளும் கைவினைஞர்களும் ஏழைக் குடும்பங்களும் நகரின் நடுவிலேயே வாழ முடிந்தது. ஆனால் கைக்கு வரும் சொற்ப வாடகையை வைத்துக் கூரை மாற்றப் பல உரிமையாளர்களுக்கு மனமில்லை. அடுத்தவன் கட்டடத்தில் காசைப் போட வாடகைக்காரர்களுக்கும் மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நடுவில் கூரை ஒழுகியது. 1997இல் அந்தச் சட்டத்தை நீக்கச் சட்டம் வந்தது. 1999 முடிவோடு கட்டுப்பாடும் முடிந்தது. வாடகை ஏற, பல குடும்பங்கள் வெளியேறின. 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அன்று ஒழுகிய கடைவீடுகள் சில இன்று அழகான தங்கும் விடுதிகள். அங்கே குடியிருந்தவர்களில் பலர் இப்போது அங்கே இல்லை.

இதைக் காட்டி வாடகைக்காரனைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஏழை தன் கூலியில் மிச்சம்பிடித்து முதலாளியின் சொத்தைப் பழுதுபார்க்க வேண்டும் என்பது நீதியல்ல. எந்த நேரமும் வெளியேற்றப்படலாம் என்றிருப்பவனிடம் 'உன் வீடாக நினைத்துக்கொள்' என்று சொல்வது கேலி. ஆனால் அந்த நியாயத்தை என் நாற்காலிக்கு நான் கடன் வாங்க முடியாது. எனக்குத் தேவைப்பட்டது சில ரிங்கிட் பசையும் அரைமணி நேரமும்தான்.

நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள், பிறர் பொருளையும் தம் பொருளைப்போலவே பேணுவதுதான் வணிகருக்கு நல்ல வணிகம் என்கிறது. பள்ளியில் அதை மனப்பாடம் செய்தபோது, பொருளின் சொந்தக்காரருக்கு நாம் பட்ட கடன் என்றுதான் புரிந்துகொண்டேன். இப்போது அது பாதிதான் என்று தோன்றுகிறது.

இரண்டு வாரம் கழித்து, பழைய முகவரிக்கு வந்திருந்த ஒரு கடிதத்தை எடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். புதிதாகக் குடிவந்திருந்தது ஒரு தமிழ்க் குடும்பம். மேசையோரம் ஒரு பாட்டி உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியில்தான்.

"பாட்டி, அதுல உக்காராதீங்க. கால் ஆடும்."

"ஆடிச்சுப்பா. வந்த அன்னிக்கே மருமக விழப் பாத்தா. ரெண்டு மாசப் புள்ளத்தாச்சி. மகன் அன்னிக்கு ராத்திரியே உள்ள மரத்துண்டு வச்சு முடுக்கிட்டான். இப்ப கல்லு மாதிரி நிக்குது." அப்புறம் என்னைப் பார்த்து, "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"நாங்கதான் முன்ன இங்க இருந்தோம்."

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. "உக்காரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார்.

நாற்காலி யாருடையது என்றே நான்கு வருடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து அதில் உட்காரப்போவது யார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. உரிமை ஆண்ட்டியிடம் இருந்தது. ஆபத்து, நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. அந்த மகனுக்கும் அது சொந்தச் சாமான் இல்லை. தன் ஆட்கள் அதில் உட்காருவார்கள் என்பதே அவனுக்குப் போதுமான காரணமாக இருந்தது. எனக்கும் அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும், உட்காரப்போவது என் ஆட்களாக இல்லாவிட்டாலும்.

இப்போதிருக்கும் வாடகை வீட்டில் அலமாரிக் கதவு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை முடுக்கிவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார், எதுவும் சொல்லவில்லை. கதவு சுலபமாக முடிந்துவிட்டது. ஆண்ட்டியின் எண் கைபேசியில் இருக்கிறது. அவருக்கு எழுதுவதுதான் இன்னும் பாக்கி.